பாலக்காட்டுக் காற்றில் சைக்கிள்: மார்கழியில் தொடங்குகிறவர்களுக்கு

கார்த்திகை பிறந்ததும் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் வாளையார் பக்கமிருந்து காற்று கிளம்பிவிடும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த வாசல். கிழக்கேயிருந்து வரும் காற்று அந்த வாசலில் நெருக்கியடித்து நுழைந்து எங்கள் ஊரைத் தாண்டித்தான் மேற்கே போகிறது. உதடு வெடிக்கும். துவைத்துப் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பனையோலை இரவெல்லாம் சலசலக்கும். இந்தக் காற்றை நினைத்தே பலர் சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிட்டு, தை போகட்டும் என்று இருந்துவிடுகிறார்கள்.

நான் நேர்மாறாகச் சொல்வேன். சைக்கிள் ஓட்டத் தொடங்க பாலக்காட்டில் இதைவிட நல்ல காலம் கிடையாது. மழை ஓய்ந்திருக்கும். ஒன்பது மணி வரை வெயில் உறைக்காது. மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது. அப்போது ஆரம்பிக்கிறவர் பத்தாம் நாள் நிறுத்திவிடுவார். மார்கழியில் ஆரம்பித்தவருக்குக் கோடை வருவதற்குள் கால் பழகிவிடும்.

சந்திராநகர், கல்மண்டபம், ஒலவக்கோடு, புதுசேரி என்று டவுனைச் சுற்றிக் குடியிருந்துகொண்டு, கிழக்கே தொழிற்சாலைகள் இருக்கும் கஞ்சிக்கோட்டுக்கோ டவுனுக்கோ தினமும் போய்வருகிற நம் ஆட்களை நினைத்து எழுதுகிறேன். முதல் பாதி உங்கள் வண்டியைப் பற்றி, மறு பாதி நம் ரோட்டைப் பற்றி. முதல் பாதியைப் படித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ரோடு சரியாக இல்லாத ஊரில் ஒருவர் மட்டும் கவனமாக ஓட்டி எவ்வளவு தூரம் போக முடியும்?

காற்றோடு ஒரு கணக்கு

குளிர்காலக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கிறது. ஆகவே டவுனிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போகிறவருக்குக் காலையில் எதிர்காற்று, மாலையில் காற்றே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். கஞ்சிக்கோட்டிலிருந்து டவுனுக்கு வருகிறவருக்கு மாறி. களைத்துத் திரும்பும் நேரத்தில்தான் அவருக்கு எதிர்காற்று என்பதால் அவர் இன்னும் நிதானமாகத் திட்டமிட வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் எதிர்காற்றைத் தங்கள் உடம்பின் பலவீனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, கணக்கைப் பாருங்கள். நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே 20 வேகத்தில் காற்று வருகிறது. உங்கள் நெஞ்சில் மோதுவது 35 வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். அப்படியென்றால் காற்றில்லாத நாளைவிட ஐந்து மடங்குக்கும் மேலான தடையைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். இதில் பழைய வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் இரண்டு கிலோமீட்டரில் மூச்சு வாங்கும். வேகத்தை விட்டுவிடுங்கள். கியர் இருந்தால் லேசான கியருக்கு இறக்கி, கால் ஒரே சீராகச் சுற்றட்டும். முழங்கையை மடித்து உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாயுங்கள். அரை மணி நேரப் பயணத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிட்டால் பாதிச் சிரமம் அங்கேயே போய்விடும்.

மலம்புழை ரோடு மாதிரி வடக்கு தெற்காகப் போகும் பாதைகளில் பிரச்சினை வேறு. காற்று பக்கவாட்டில் அடிக்கும். பெரிய லாரி ஒன்று காற்று வரும் பக்கமாக உங்களைத் தாண்டும்போது, அது காற்றை மறைக்கும் அந்த ஒரு நொடி வண்டி தானாக லாரிப் பக்கம் சாயும். லாரி போனதும் காற்று மறுபடி அடித்து இந்தப் பக்கம் தள்ளும். பழகாதவர்கள் விழுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது அடியில்தான். பின்னால் லாரிச் சத்தம் கேட்டதும் ஹேண்டில்பாரை இறுக்காமல் உறுதியாகப் பிடியுங்கள், இடதுபக்கம் இரண்டு அடி இடம் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டின் விளிம்பிலேயே ஓட்டினால் தள்ளும்போது போக இடம் இருக்காது.

முதல் வாரம் ஹைவே பக்கமே போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோட்டை மைதானத்தைச் சுற்றி ஓட்டுங்கள். ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டை. அதைச் சுற்றி மர நிழலும் காலை நடைக்கு வருகிறவர்களும் இருப்பார்கள். அடுத்த நாள் அங்கிருந்து கல்பாத்தி வரை போய் அக்கிரகாரத் தெருக்களில் ஒரு சுற்று சுற்றித் திரும்புங்கள். வாரக் கடைசியில் வேலைக்குப் போகும் வழியை விடுமுறை நாளில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எங்கே குழி, எங்கே தெருவிளக்கு எரியவில்லை, எந்தத் திருப்பத்தில் மணல் குவிந்திருக்கிறது என்று அப்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் பிறகு வேறு ஒரு வேலைக்கும் உதவப்போகிறது.

வண்டி

புது சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் தூசி படிந்து கிடக்கிற பழைய வண்டியே போதும், மூன்று விஷயம் சரியாக இருந்தால்: பிரேக், டயர், செயின்.

கல்மண்டபம் பக்கம் நான் வழக்கமாகக் கொடுக்கும் கடையில் இருக்கிற அண்ணன் ஒரு சாக்பீஸ் துண்டு வைத்திருப்பார். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடிப்பார். ரிம் எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும்.

“பாருங்க தம்பி, இந்த ரெண்டு விரல்கடை இடத்துலதான் பிரேக் ஒரசுது. கட்டையைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? கம்பியை முடுக்கினாப் போதும்.”

அன்றைக்குப் புது பிரேக் கட்டை வாங்கத்தான் போயிருந்தேன். நாலு போக்ஸ் கம்பியை முடுக்கி அனுப்பிவிட்டார். அதிலிருந்து யார் கேட்டாலும், உதிரிப் பாகம் வாங்குவதற்கு முன் கை தேர்ந்த ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் காற்று கொண்டுவரும் தூசி செயினில் ஒட்டி மாவு மாதிரி ஆகிவிடும். எண்ணெயை ஊற்றி நனைத்தால் இன்னும் ஒட்டும். வாரம் ஒருமுறை துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மறுபடி துடைத்துவிட வேண்டும். டயரில் காற்று குறைந்திருந்தால் எதிர்காற்றில் இரட்டைப் பாரம். சனிக்கிழமை தோறும் பம்பு அடித்துவிடுங்கள். பையை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள், கேரியரில் வைத்துக் கட்டுங்கள். துப்பட்டா, சேலையோடு ஓட்டுகிறவர்கள் பின்சக்கரத்துக்கு வலை போட்டுக்கொள்ளுங்கள்.

உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மூணாறு மாதிரி உறைபனி இங்கே விழாது. நம் மார்கழி விடியலின் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தடித்த ஸ்வெட்டர் போட்டால் பத்து நிமிஷத்தில் வேர்த்து, அந்த வேர்வையில் காற்று பட்டு உடம்பு சில்லிட்டுவிடும். பருத்திச் சட்டைக்கு மேல் காற்று புகாத மெல்லிய மேலாடை ஒன்று, அது இல்லாவிட்டால் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் மடித்து வைத்த ஒரு நாளிதழ்த் தாள். வேலை இடம் வந்ததும் எடுத்துவிடலாம். தூசிக்குக் கண்ணாடி, உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். தலைக்கவசம் கட்டாயம். காற்று வேர்வையைக் காய வைத்துவிடுவதால் தாகம் தெரியாது. கேட்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

இருட்டு

இதில் பலருக்கும் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. மார்கழி கழிந்து பகல் நீளத் தொடங்கியதும் காலை சீக்கிரம் விடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். டிசம்பர் நடுவில் பாலக்காட்டில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.35க்கு. ஜனவரி நடுவில் அது 6.45. தைப்பொங்கல் சமயத்தில்தான் காலை இருட்டு அதிகம். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் முழு இருட்டில்தான் போகிறார்.

அந்த நேரத்தில் ரோட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலைக் காலம். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வேன்களும் கார்களும் வாளையார் வழியாக இரவெல்லாம் வந்துகொண்டே இருக்கும். ஓட்டுநர் பல மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டிக்கொண்டிருப்பார்.

என் சைக்கிளில் முன்விளக்கு மட்டும் இருந்த காலம் அது. பின்னால் வெறும் மட்கார்டு. ஒரு ஜனவரிக் காலையில் சர்வீஸ் ரோடு முடிந்து ஹைவேயோடு சேரும் இடத்தில் ஒரு வேனின் பக்கக் கண்ணாடி என் வலது முழங்கையை உரசிக்கொண்டு போனது. ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கொஞ்ச தூரத்தில் வேன் நின்றது. மாலை போட்ட ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்குத்தான்.

“சாமி, சத்தியமா தெரியல சாமி. பின்னால ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்ல சாமி.”

அவர் சொன்னது உண்மை. நான் அவரைத் திட்டவில்லை. பக்கத்துத் தட்டுக்கடையில் அவரையும் உட்கார வைத்துச் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே பின்விளக்கு வாங்கினேன்.

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இரண்டும் சேர்ந்து இரண்டு பேர் ஹோட்டலில் டிபன் சாப்பிடும் காசுக்குள் கிடைத்துவிடும். அதோடு ஒளியைத் திருப்பி அடிக்கும் ஸ்டிக்கர் டேப் ஒரு சுருள் வாங்கி, பின் மட்கார்டில் ஒரு துண்டு, பெடல்களில் இரண்டு துண்டு, கணுக்காலில் ஒரு பட்டை. பெடலில் ஒட்டுவது முக்கியம். மேலும் கீழும் ஏறி இறங்கும் வெளிச்சத்தைக் கண்டதும் தூக்கக் கண்ணுக்கும் இது சைக்கிள் என்று புரிந்துவிடும். சுருளில் மிச்சமிருப்பதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு சைக்கிளில் வரும் பீகார், ஒடிசா, வங்காளத் தம்பிகளின் வண்டிகளில் பெரும்பாலும் ஒரு விளக்கும் இருக்காது. கேட்டால் சந்தோஷமாக வண்டியை நிறுத்துவார்கள், ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. கஞ்சிக்கோட்டைத் தாண்டி வாளையார் வரை காடு ஒட்டிய பகுதி. யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடம் அது. ரயிலில் அடிபட்டு யானைகள் செத்திருக்கின்றன. அங்கே உட்பாதைகளில் விடிவதற்கு முன்போ இருட்டிய பிறகோ சைக்கிளில் போகவே கூடாது.

ரோட்டில் உங்கள் இடம்

ஒரு சைக்கிளுக்கு, லேசாக ஆடுவதையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் வேண்டும். அந்த ஒரு மீட்டரைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஒடுங்கிப் போனால் பின்னால் வருகிறவர் இடித்துக்கொண்டு தாண்டலாம் என்று நினைப்பார். நிற்கும் கார்களிலிருந்து கதவு திறக்கும் தூரம் தள்ளிப் போங்கள். இடதுபக்கம் திரும்பப்போகும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடப்புறம் ஒருபோதும் நுழையாதீர்கள். ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் நீங்கள் தெரிய மாட்டீர்கள். ஸ்டாப்பில் நிறுத்த பஸ் உங்கள் முன்னால் வெட்டினால் பிரேக் பிடித்து அதற்குப் பின்னால் நின்றுவிடுங்கள், வலப்புறமாகச் சுற்றிப் போக அவசரப்படாதீர்கள். சாக்கடை மேல் கம்பித் தட்டி போட்டிருக்கும் இடத்தில் கம்பிகள் நீளவாக்கில் இருந்தால் டயர் உள்ளே இறங்கி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அதையும் உங்கள் தாளில் குறியுங்கள்.

ஆள் சேர்ப்பது

தனியாக ஓட்டுவது பதினைந்து நாளில் அலுத்துவிடும். நாலு பேர் சேர்ந்தால் நிலைக்கும். ஞாயிறு காலை ஏழு மணி, கோட்டை மைதானம் என்று ஒரு நேரமும் இடமும் வைத்துவிட்டு, மழை வந்தாலும் இரண்டு பேர்தான் வந்தாலும் மாற்றாமல் நடத்துங்கள். கடைசியாக வருகிறவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம். விலை உயர்ந்த கியர் சைக்கிள்காரர்கள் முன்னால் பறந்துவிட்டால் பால்காரரும் டீக்கடை அக்காவும் மறுவாரம் வர மாட்டார்கள்.

ஐப்பசிக் கடைசியில் வரும் கல்பாத்தித் தேர் நல்ல ஆரம்பம். அந்த நாட்களில் அங்கே காரை நிறுத்த இடம் கிடைக்காது. சைக்கிளில் வந்தால் எவ்வளவு சுலபம் என்று பக்கத்து வீட்டாருக்கு நீங்கள் பாடம் நடத்த வேண்டியதே இல்லை, அவர்களே பார்த்துவிடுவார்கள். தைப்பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட எல்லை மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. அன்று பொங்கல் வைத்து முடித்ததும் குடும்பத்தோடு ஒரு சுற்று போகலாம்.

ஓட்டத் தெரியாத பெண்களைக் கூட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழுத் துணையாக நின்றார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் அந்த மாவட்டத்தில் சைக்கிள் கற்றார்கள். கல் உடைக்கிறவர்களும் பூ விற்கிறவர்களும் அதில் இருந்தார்கள். அங்கே முடிந்தது நம் மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் முடியாதா?

பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிற பழைய முறை வேண்டாம். இரண்டு பெடல்களையும் கழற்றிவிடுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். அதைக் கழற்றக் கடிகாரம் சுற்றும் திசையில் திருக வேண்டும். சீட்டை இறக்கி, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி வையுங்கள். காலால் தரையை உந்தி உந்திப் போகச் சொல்லுங்கள். விழ வழியே இல்லாததால் பயம் போய்விடும். நாலைந்து நாளில் காலைத் தூக்கிக்கொண்டு பத்து மீட்டர் மிதந்து போவார்கள். அப்போது பெடலை மாட்டுங்கள். என் சித்தி ஐம்பத்திரண்டு வயதில் இப்படித்தான் கற்றுக்கொண்டார். பெடல் மாட்டிய அன்று மைதானத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு, இறங்கத் தெரியவில்லை என்று கத்தினார். இறங்குவதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நீங்கள் அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

புளியங்கொட்டை

இனி ரோட்டைப் பற்றி. சைக்கிளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே பதில்தான் முதலில் வரும்: “இங்க யாருங்க சைக்கிள் ஓட்டறாங்க?” கெட்ட எண்ணத்தில் அப்படிக் கேட்பதில்லை. அவர் பத்து மணிக்கு ஜீப்பில் வருகிறார். சைக்கிள்காரர்கள் ஆறு மணிக்கே போய்விட்டார்கள். அவர் கண்ணில் அவர்கள் படவே இல்லை.

ஆகவே பாதை கேட்பதற்கு முன், ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்களை எண்ணுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு ஜங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். செவ்வாய், புதன், வியாழன் இவற்றில் ஏதாவது இரண்டு நாள், காலை 5.30லிருந்து 8.30 வரை. பண்டிகை, ஹர்த்தால், பள்ளி விடுமுறை நாட்கள் வேண்டாம். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, இரண்டு பேர் போதும். அரைமணிக்கு ஒரு வரி. ஆண், பெண், சீருடையில் இருக்கும் மாணவர், சுமை ஏற்றியவர் என்று தனித்தனிப் பத்தி. விளக்கு இல்லாதவர் எத்தனை, எதிர்த்திசையில் வந்தவர் எத்தனை என்று இன்னும் இரண்டு பத்தி.

கூட்டம் வேகமாக வரும்போது பேனாவால் கோடு போட்டு மாளாது. நாங்கள் முதல் தடவை கஞ்சிக்கோட்டில் நின்றபோது கோடு போடும் தம்பிக்கு அரை மணி நேரத்தில் குழப்பம் வந்துவிட்டது. இரண்டாம் நாள் வீட்டிலிருந்து ஒரு பை நிறையப் புளியங்கொட்டை கொண்டுபோனேன். வலது சட்டைப்பையில் கொட்டை. ஒரு சைக்கிள் போனால் ஒரு கொட்டை காலடியில் இருக்கும் டப்பாவுக்குள். ஆணுக்கு ஒரு டப்பா, பெண்ணுக்கு ஒரு டப்பா. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவே வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை டப்பாவைக் கவிழ்த்து எண்ணி எழுதிவிட்டு மறுபடி தொடங்கலாம். பனியில் முதலில் பெடல் சத்தம் கேட்கும், பிறகு மப்ளர் கட்டிய தலை தெரியும், அப்புறம் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பாட்டுத் தூக்கு மாட்டிய ஹேண்டில்பார்கள். ஆறே முக்காலுக்குள் என் சட்டைப்பை காலியாகிவிட்டது. இதே ஜங்ஷனில் தினமும் நான் பஸ் ஏறிய வருடங்களில் இத்தனை பேர் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எதிர்த்திசையில் வருகிறவர்களை எண்ணச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் சட்டம் தெரியாமல் வருவதில்லை. ரோட்டின் நடுத்தடுப்பான மீடியனில் திறப்பு அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். எதிர்காற்றில் அவ்வளவு தூரம் சுற்றிவர யாருக்கும் கால் வராது. எங்கே எதிர்த்திசைக்காரர்கள் அதிகமோ அங்கே ரோட்டின் அமைப்பில் கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைத் தாளில் அந்த இடம் தானாகவே தெரியும்.

விழுந்தவர்களின் கணக்கையும் சேருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் ஒரு இடத்தை விபத்துக் கரும்புள்ளி என்று அறிவிக்க ஒரு அளவுகோல் இருக்கிறது: சுமார் 500 மீட்டருக்குள் 3 ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 சாவுகள். நம் ஆட்கள் சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்தால், வண்டி இடித்தது என்று சொல்லாமல் கால் தடுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வழக்கு, கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம். அப்படிப் போன ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் விடுபடுகிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்யச் சொல்லிப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், கூடவே போங்கள்.

யாரிடம், என்ன கேட்பது

ரோடு யாருடையது என்று தெரியாமல் மனு எழுதினால் அது மூன்று அலுவலகம் சுற்றி ஆறு மாதம் கழித்து உங்களிடமே வரும். வாளையாரிலிருந்து வரும் 544ஆம் எண் நெடுஞ்சாலையும் அதன் சர்வீஸ் ரோடும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையவை. அவசரப் புகாருக்கு 1033. மாநிலச் சாலைகள் பொதுப்பணித் துறையான பி.டபிள்யூ.டி.க்கு. டவுனுக்குள் இருக்கும் தெருக்கள் நகரசபைக்கு, புதுசேரி போன்ற இடங்களில் பஞ்சாயத்துக்கு. சந்தேகம் இருந்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: இந்த ரோடு யார் பொறுப்பு, கடைசியாக எப்போது தார் போட்டார்கள், தெருவிளக்குப் பராமரிப்பு யாரிடம். 30 நாளில் பதில் வந்தாக வேண்டும்.

மொழி பற்றித் தயங்காதீர்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு சொல்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் கொடுக்கிறது. தமிழில் எழுதுங்கள். வேலை சீக்கிரம் நடக்க, மலையாளத்தில் ஒரு பிரதியும் சேர்த்து இணையுங்கள். அரசின் இணையச் சேவை தரும் அக்ஷயா மையத்திலோ பக்கத்து வீட்டுச் சேச்சியிடமோ கேட்டால் அரை மணி நேர வேலை.

என்ன கேட்பது? எடுத்த எடுப்பில் இருபது கிலோமீட்டர் சைக்கிள் பாதை கேட்காதீர்கள். பணம் இல்லை, நிலம் இல்லை என்று அங்கேயே முடிந்துவிடும். உங்கள் தாளில் குறித்து வைத்திருக்கிறீர்களே, அதிலிருந்து எடுங்கள். விளிம்பு வெள்ளைக் கோட்டை மறுபடி தீட்டுவது, எரியாத விளக்குகளின் தூண் எண்கள், நீளவாக்குக் கம்பித் தட்டியை குறுக்குவாக்கில் திருப்பி வைப்பது, சர்வீஸ் ரோடு முடியும் இடத்தில் ஒளிரும் எச்சரிக்கைப் பலகை, ஒலவக்கோடு ரயில்வே ஸ்டேஷனிலும் ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டிலும் சைக்கிளைப் பூட்டி வைக்க இரும்புச் சட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரத்து மணலை வாரம் ஒருமுறை கூட்டுவது.

மணல் கூட்டுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். பின்லாந்தில் ஔலு என்று ஒரு நகரம், துருவ வட்டத்துக்குச் சற்றே தெற்கே. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை போகும். அந்த ஊரில் குழந்தைகள் பனியில் சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்குப் போகிறார்கள். உலகின் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு 2013இல் அங்கேதான் நடந்தது. அவர்களுடைய உடம்பு வேறு என்பதல்ல காரணம். கார்களிடமிருந்து பிரிந்த, விளக்கு போட்ட பாதை இருக்கிறது. பள்ளிக்கும் வேலைக்கும் ஆட்கள் கிளம்புவதற்கு முன்பே முக்கியமான பாதைகளில் பனியை வாரிவிடுகிறார்கள். அங்கே பனி, இங்கே மணல். பாதையைத் தினமும் ஒருவர் பார்த்துக்கொண்டால் குளிரிலும் ஜனங்கள் ஓட்டுவார்கள்.

பள்ளிக்கூடத்து ரோட்டுக்கு வேகக் கட்டுப்பாடு கேளுங்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலக்கிற இடத்தில் 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று 2020இல் வெளியான ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொல்கிறது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். நெதர்லாந்து எப்போதும் சைக்கிள் நாடாக இருந்தது என்று யாராவது சொன்னால், 1971இல் அந்தச் சின்ன நாட்டில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் ரோட்டில் செத்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள் என்று சொல்லுங்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அங்கே ரோடுகள் மாறத் தொடங்கின.

பஞ்சாயத்துப் பகுதியில் இருப்பவர்களுக்கு கிராமசபை இருக்கிறது. கேரளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வார்டு வாரியாகக் கூடியாக வேண்டும். மெம்பரிடம் தேதி கேட்டுவைத்து, ஐந்தாறு பேராகப் போய், எண்ணிக்கைத் தாளைப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்கார்ந்திருங்கள். பெண்கள் எழுந்து பேசினால் சபை கவனித்துக் கேட்கிறது. மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. கிராமசபைத் தீர்மானம், எண்ணிக்கைத் தாள், படங்கள் மூன்றையும் சேர்த்து அங்கே கொடுங்கள். எரிச்சல்பட்டுப் பேச வேண்டிய அவசியம் வராது. ஆனால் ரோட்டின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ விதியை மீறி, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 198ஏ பிரிவு சேர்ந்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மனுவின் நகலில் தேதியும் சீலும் வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து அந்த நகலோடு போய் நிலவரம் கேளுங்கள். கோபமில்லாமல், அதே ஆள், அதே கிழமை. மூன்றாவது தடவை போகும்போது உதவிப் பொறியாளருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கும். ஒருநாள் காலை ஆறு மணிக்கு அந்த ஜங்ஷனுக்கு வரமுடியுமா என்று அவரை அழையுங்கள். வந்தால் கையில் கொஞ்சம் புளியங்கொட்டையைக் கொடுத்து அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

வேலை நடந்துவிட்டால் இருட்டில் போய்ப் பாருங்கள். கோடு முகப்பு விளக்கில் ஒளிர்கிறதா, தட்டி ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா, விளக்கு ஒரு வாரம் தாண்டியும் எரிகிறதா. செய்தவருக்கு ஒரு நன்றிக் கடிதம், அதையும் தமிழிலேயே. அடுத்த கார்த்திகையில் காற்று கிளம்பியதும் அதே ஜங்ஷன், அதே கிழமை, அதே மூன்று மணி நேரம் நின்று மறுபடி எண்ணுங்கள். பழைய தாளுக்குப் பக்கத்தில் புதிய தாளை வைத்து இரண்டையும் நகல் எடுத்து, போன வருடம் சீல் வாங்கிய அதே மேஜையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.